சுவரைப் பார்த்துக் கத்துகிறவர்கள்

தலையைக் கழற்றுவது இவ்வளவு இலேசான காரியம் என்று ஹப்ஸா நினைத்திருக்கவில்லை. இடது கை விரல்களால் உடம்பைப் பிடித்து, வலது கையால் ஒரு இழுப்பு. 'டக்'. அவ்வளவுதான். பேப்பர் விரித்த மேசையில், தலை போன உடம்பு இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றது. கறுப்புத் தோல் ஜாக்கெட், நெஞ்சுக்குக் குறுக்காக வரிசையாய் ஊசிகள், முழங்காலில் கிழிந்த கட்டம் போட்ட கால்சட்டை. எல்லாம் கட்டைவிரல் உயரத்துக்குள். கையில் மிஞ்சிய தலையோ, சேவல் கொண்டை மாதிரிச் செக்கச்செவேல் என்ற முடியோடு, வாயை ஆவென்று திறந்து அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ஹப்ஸா அதை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த மாடிவீட்டு ஹோலின் சுவரில் இரண்டு பலகைத் தட்டுகளை அடித்து, இந்தப் பிளாஸ்டிக் பொம்மைகளைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி வைத்தது அவள் கணவன் பலீல். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் கேஷியர். அயர்ன் கலையாத வெள்ளைச் சட்டை, கத்தரித்த தாடி, யாரோடும் குரல் உயர்த்தாத மனிதன். மிச்சக் காசு கொடுக்கும்போதுகூட இரண்டு கையாலும் கொடுப்பான். அப்படிப்பட்டவன் இரவுச் சாப்பாடு முடிந்ததும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, வெள்ளைக்காரப் பொடியன்கள் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டுகளைக் கேட்பான். பங்க் மியூசிக்காம். அந்தப் பாட்டுக்காரர்களின் கோலத்தில் வருகிற பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பான். டோஹாவில் இருக்கிற மாமி மகன் அனுப்புவான், புறக்கோட்டை நடைபாதையில் உதிரியாகக் கிடைக்கும், சிலது உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத மூடின பாக்கெட்டில் வரும். பிரிக்கும்போது பலீலின் முகம் பெருநாள் காலைப் பிள்ளையின் முகமாகிவிடும்.

ஒருநாள் அவள் அந்த இயர்போனில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"என்னத்துக்கு இப்பிடிக் கத்துறானுகள்?"

"கோவம்."

"யாரோட?"

பலீல் சிரித்துக்கொண்டே இயர்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அவளும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழும்பிப் போய்விட்டாள்.

கடையில் கல்லாவுக்குப் பின்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன்தான். மௌத்தாகி இப்போது மூன்றாம் மாதம். நாலு மாதமும் பத்து நாளும் ஹப்ஸா இத்தாவில் இருக்க வேண்டும். வாசற்படி தாண்டக்கூடாது, அன்னிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. நாள் முழுக்க அவளும் இந்தத் தட்டுகளும்தான் முகத்துக்கு முகம்.

இந்த நிலையில்தான் நேற்று ஆதிலா வந்தாள். பலீலின் அக்கா. உம்மா இல்லாத தம்பியைத் தன் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கொண்டுவந்த கஞ்சிப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"ஹப்ஸா, நான் சொல்றன் எண்டு மனசு நோவாதீங்க. அவன் கனவுல வாறான். வாசல்லயே நிக்கிறான். உள்ளுக்கு வாறானில்ல."

ஹப்ஸாவின் கனவில் ஒருநாள்கூட வராதவன், அக்காவிடம் போயிருக்கிறான்.

"உருவம் ஈக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க" என்றாள் ஆதிலா. "நாங்க கெடந்து ஓதுறது அவன்ட கபுறுக்குப் போய்ச் சேருதோ என்னமோ. எனக்கு நித்திர வருதில்ல ஹப்ஸா."

"அவர் ஆசயா வெச்சது. வீச ஏலா மதினி."

"வீசச் சொல்லல்ல. மௌலவிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தன். தல இல்லாட்டி அது உருவம் இல்லயாம். கழட்டினாப் போதுமாம்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நிமிர்ந்து பார்த்தாள். "இதுகள்ட மண்டயப் பாருங்களே. சீப்புக் கண்ட மண்டயா இது? அஞ்சு வயசுல என்னட்டத் தல இழுக்க வருவானே, எண்ண வெச்சுப் படிய வாரி உட்டாத்தான் மதரசாவுக்குப் போவான். அந்தப் புள்ளயா இதச் சேத்தது?"

நாளை வியாழன் பின்னேரம் தம்பிக்காக யாசீன் சூரா ஓத வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குள் செய்துவிட வேண்டும். ஹப்ஸாவுக்கும், வானவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்ற அந்தப் பயம் இல்லாமல் இல்லை. மண்ணுக்குள் தனியாகக் கிடக்கிற மனிதனுக்கு இவள் இங்கிருந்து அனுப்பக்கூடியது ஓதலும் துஆவும் மட்டும்தான். அதற்குப் போய்க் குறுக்கே நிற்பதா? உடம்புகள் தட்டிலேயே இருக்கட்டும், தலைகள் டப்பாவில் பத்திரமாக இருக்கட்டும். எல்லாம் ஆறின பிறகு ஒருநாள் திருப்பிப் பூட்டினால் போயிற்று.

கடைசித் தலையும் கழன்றபோது மகள் பஹ்மிதா டியூஷனிலிருந்து வந்தாள். பையைக் கழற்றவில்லை. தட்டைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"உம்மா! என்ன செஞ்சீக்கிறீங்க?"

"தல மட்டுந்தான். பத்திரமா ஈக்கி. பொறகு போடலாம்."

பஹ்மிதா டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். பச்சை முடி, காதில் ஊசி, முன்பல் ஒன்று இல்லை.

"சரி, போடுங்க பாப்பம். இது எதுக்கு?"

ஹப்ஸா தலையை வாங்கித் தட்டின் பக்கம் நீட்டினாள். சிவப்புச் சட்டைக்கா? கிட்டார் வைத்திருப்பவனுக்கா? இத்தனை வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் இவர்களின் காலடியைத் துடைத்தவள். தூக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தவள். ஒரு முகத்தையாவது ஏறிட்டுப் பார்த்திருக்கிறாளா?

"நீங்க சொல்லுங்க மகள். ஒங்களுக்குத் தெரியும் தானே."

பஹ்மிதாவின் முகம் கோணிப்போயிற்று. அவளுக்கும் தெரியவில்லை. போனை எடுத்து இன்டர்நெட்டில் தேடினாள். கம்பெனிக்காரன் போட்ட படங்கள் ஏராளம் வந்தன. ஒன்றும் ஒத்துவரவில்லை. பலீல் எவனையும் வந்தபடியே விட்டு வைத்தவன் அல்ல. ஒருவனின் தலையை இன்னொருவனுக்கு மாற்றி, மூன்றாமவனின் முடியைப் பூட்டி, தனக்குப் பிடித்த கூட்டமொன்றைத் தானே உண்டாக்கியிருந்தான். அதைப் படமெடுத்துக்கூட வைக்கவில்லை. படம் சொந்தக்காரர் போன்களில் சுற்றினால் பரிகாசம் பண்ணுவார்கள் என்ற கூச்சம். எந்தத் தலை எந்த உடம்புக்கு என்பது அவனோடு மையவாடி மண்ணுக்குள் போய்விட்டது.

"வாப்பாவ ரெண்டாந்தரம் மௌத்தாக்கிட்டீங்க" என்றாள் மகள். சொன்ன பிறகு அவளே பயந்துபோய் உம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்குத்தான் தனஞ்சயனின் நினைவு வந்தது.

வெள்ளவத்தைக் கடைக்குப் பக்கத்திலேயே போன் திருத்துகிறவன் தனஞ்சயன். யாழ்ப்பாணத்து ஆள், நாற்பதைத் தொட்டும் கலியாணம் கட்டாதவன். பலீலைப் போலவே இந்தப் பொம்மைப் பைத்தியம் பிடித்தவன். பஹ்மிதா போனில் கூப்பிட்டதும், மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு 155 பஸ்ஸில் வந்து இறங்கினான். ஹோலில் அவன், நடுவில் அறைக் கதவின் திரை, திரைக்கு இந்தப் பக்கம் ஹப்ஸா. பஹ்மிதா டப்பாவைக் கொண்டுபோய் அவன் முன்னால் கவிழ்த்தாள்.

"ஐயோ அக்கா, இவ்வளவு தலையளோட நான் பஸ்ஸில போய்ப் பிடிபட்டா, ஆயுசுக்கும் வெளியில வரேலாது."

பஹ்மிதா சிரித்துவிட்டாள். ஜனாஸா போன நாளிலிருந்து இந்த வீட்டில் கேட்காத சத்தம். திரைக்குப் பின்னால் ஹப்ஸா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தனஞ்சயன் வேலையைத் தொடங்கினான். "இவர் நெருப்புத் தலையர். ட்ரம்ஸ் அடிக்கிறவர், கையில குச்சியைப் பாருங்கோ தங்கச்சி. இவளுக்குப் பச்சை ஜாக்கெட். இல்லை இல்லை, அது மற்றவள். இந்தப் பல்லுப் போனவன்தான் பலீல் நானாவுக்கு உயிர்." 'டக்', 'டக்' என்று தலைகள் உடம்பில் ஏறின. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹப்ஸாவின் நெஞ்சில் ஏதோ ஒன்று இடத்துக்கு வந்தது. பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"தம்பி, இதுல எங்கள மாதிரி யாரும் ஈக்கா? எங்கள நெனச்சு வெச்சது?"

அந்தப் பக்கம் 'டக்' நின்றது.

"இல்லை அக்கா." தனஞ்சயனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நானும் நானாட்ட ஒருக்காக் கேட்டனான். தெரிஞ்ச ஆக்களெண்டா மரியாதையா நடக்கோணும் தம்பி, இவையளோட அது தேவையில்லை எண்டவர்."

ஹப்ஸா திரையின் மடிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்த ஏப்ரலில சேர்ச்சுகளில குண்டு வெடிச்சதுக்குப் பிறகு, அக்காவுக்குத் தெரியும்தானே, கடை வாசல்ல காவலுக்கு நிண்டவன் ஒவ்வொரு நாளும் நானாட பையைத் திறந்து கிண்டிப் பார்ப்பான். நானா அந்தக் கடையிலேயே கிழடானவர். மற்ற ஆக்கள் சும்மா உள்ளுக்குப் போவினம். நானா சிரிச்சுக்கொண்டே திறந்து காட்டுவார், 'தேங்க் யூ மல்லி' எண்டு சிங்களத்தில தம்பி முறையும் சொல்லுவார். மத்தியானம் என்ர மேசைக்கு வந்து, ஒண்டும் கதைக்காமல், ஒரு தலையைக் கழட்டி இன்னொண்டைப் பூட்டுவார்."

ஹப்ஸா அக்காவுக்குத் தெரியாது. அந்தப் பைக்குள் இருந்தது அவள் விடியவே எழும்பி வாழையிலையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்த சோறு. பின்னேரம் வந்து "கடயில எல்லாம் நல்லம்" என்று சொல்லிக்கொண்டே வெறும் பெட்டியை நீட்டுவான். அவளும் வாங்கிக் கழுவி வைத்திருக்கிறாள்.

கடைசியில் ஒரு உடம்பும் ஒரு தலையும் மிஞ்சின.

"இது எனக்குக் காட்டாத ஒண்டு" என்றான் தனஞ்சயன். "மிஞ்சினது எண்டபடியா இதுக்கு இதுதான். ஆனா பாருங்கோ, ரெண்டு பக்கமும் முகம் அடிச்சுக் கிடக்கு."

திரைக்குக் கீழால் பஹ்மிதா அதை நீட்டினாள். மொட்டைத் தலை. ஒரு பக்கம் மற்றவர்களைப் போலவே வாயைப் பிளந்து கத்துகிறது. திருப்பினால், அதே புருவம், அதே காதூசி, கண்ணிரண்டும் மூடி, உதடு சேர்ந்து நல்ல நித்திரை.

"வேணுமெண்டா எல்லாத்தையும் நான் கொண்டுபோய் வச்சிருக்கிறன் அக்கா. எங்கட வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"வாணாம் தம்பி. ஊட்ட உட்டு இன்னொருத்தர் போக வாணாம்."

தனஞ்சயன் போன பிறகு அவன் குடித்த பிளேன் டீக் கோப்பையைப் பஹ்மிதா எடுக்கும்போது பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. ஆதிலா வருகிற நேரம். ஹப்ஸா தட்டின் முன்னால் வந்து நின்றாள். பலீல் விட்டுப்போன கூட்டம், விட்டுப்போனபடி. எத்தனை முகங்கள். இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நெருப்புத் தலையனின் கழுத்தில் விரலை வைத்தாள். இழுக்க வேண்டும். கை வரவில்லை. மதினியின் நித்திரையும், கபுறும், வாசலில் நிற்கிற மனிதனும் ஒன்றாக நெஞ்சில் ஏறி மிதித்தும், கை வரவில்லை. விரல் வழுக்கித் தலை லேசாகச் சுழன்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். முகம் சுவர்ப்பக்கம் போயிற்று. ஹோலைப் பார்த்து நின்றது கொண்டை முடிக்குக் கீழே மஞ்சள் நிற வெறும் பிடரி.

அடுத்தது. அதற்கடுத்தது. பல்லுப் போனவன், பச்சை ஜாக்கெட்காரி, எல்லோரும். உடம்பு இந்தப் பக்கம், கை உயர்ந்தபடி, முகம் சுவரோடு. கடைசியாக அந்த மொட்டைத் தலை. இந்தப் பக்கம் திருப்பினால் கத்துகிறது, அந்தப் பக்கம் திருப்பினால் உறங்குகிறது. எப்படித் திருப்பினாலும் முகம். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அதை மட்டும் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

ஆதிலா மூச்சிரைக்க வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்தாள்.

"மண்ட ஈக்கே ஹப்ஸா?"

"முகம் தெரியல்ல தானே மதினி."

ஆதிலா தட்டின் ஓரத்துக்குப் போனாள். அங்கிருந்து கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் சுவருக்கும் பொம்மைக்கும் நடுவிலுள்ள இடுக்குத் தெரியும். சாய்த்தாளா, பார்த்தாளா, ஹப்ஸாவுக்குத் தெரியவில்லை. பிறகு திரும்பி, "இதுக்கு மட்டும் என்னத்துக்குத் தல இல்ல?" என்று நடுவில் நின்றதைக் காட்டினாள்.

"அது காணல்ல."

"ம்" என்றாள் ஆதிலா. பாய் விரித்து உட்கார்ந்து யாசீனைத் திறந்தாள். பஹ்மிதா பக்கத்தில் வந்து குந்தினாள். ஓதி ஓதிப் பாதிக்கு மேல் ஆதிலாவின் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே முடித்தாள். முடித்துவிட்டு, தம்பியின் பேரைச் சொல்லி, அவன் கபுறை விசாலமாக்கு ரப்பே என்று இரு கைகளையும் ஏந்தினாள். மகளும் ஏந்தினாள்.

ஹப்ஸா ஒரு கையைத்தான் விரித்தாள். மற்றது முக்காட்டுக்குள் பொத்தியபடியே இருந்தது. பெருவிரல் அந்தச் சின்னத் தலையை உருட்டி உருட்டித் தடவிக்கொண்டிருந்தது. ஒரே வழுவழுப்பு. எந்தப் பக்கம் கத்துகிறது, எந்தப் பக்கம் உறங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.