நாற்பத்தொன்றாம் எண்ணின் மாத்திரை

நான் செத்துப்போனது என் வாயால்தான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு ஏழு வருட இருமல். படுத்தால் நெஞ்சு அடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். போனேன். நாற்பத்தொன்று என்று எண் போட்டு, வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். சத்தமே வரவில்லை என்று என் வீட்டுக்காரி பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

அப்புறம்தான் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு லாரி டிரைவர் விஷயத்தைச் சொன்னான். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். அந்த விவரத்தை ஆளுக்கொரு உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் முதல் நாளே படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்களாம். வாங்கியிருப்பார்கள். நான் அப்போது மின்விசிறி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தலையில் விழுந்துவிடுமோ என்று.

என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிறவன் டாக்டரா? மிச்ச மாத்திரையை டப்பாவோடு மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் விடவில்லை. அங்கே கேள்வித்தாளும் கையுமாக ஒரு பெண் வேலை பார்க்கிறாள். ஏன் வரவில்லை என்று தினம் மூன்று முறை போன் செய்தாள். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவரு செத்துட்டாரும்மா. இனிமே கூப்பிடாதே."

"ஐயோ! நீங்க யாரு பேசறது?"

"தம்பி."

அவள் அழுதே விட்டாள். நல்ல பெண்தான்.

பத்து நாளில் இருமல் திரும்பி வந்தது. மறுபடி நாற்காலி. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "வீம்பு வந்து உனக்கு நெஞ்சு தடவி விடுமா? கிளம்பு" என்று வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கேள்வித்தாள் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"நாற்பத்தொண்ணு இறந்துட்டாரே."

"நான்தாம்மா நாற்பத்தொண்ணு. மாத்திரையக் குடு."

"இறப்புன்னு ஏத்தினத என்னால அழிக்க முடியாது தாத்தா. சாவு விசாரணை முடிச்சு டாக்டருக்கு அனுப்பணும். அவருதான் திருத்தணும். ஆனா விசாரணைக்கு, தகவல் சொன்ன ஆள் வரணுமே. தம்பின்னு போட்டிருக்கு."

"அதுவும் நான்தான்."

"அப்பாடா, வந்துட்டீங்களா!" என்று நாற்காலி இழுத்துப் போட்டாள்.

எண்பத்து நாலு கேள்வி.

"சாகறதுக்கு முன்னாடி எத்தனை நாள் இருமினாரு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அவள் காத்திருந்துவிட்டு, "இது இறப்புக்கு அப்புறம் வந்தது, சேராது" என்றாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"இப்பத்தான், வாசல்ல டீயும் பன்னும்."

"இறக்கறதுக்கு முன்னாடி நினைவு தப்புச்சா?"

"நான் பேசறப்பல்லாம் தப்பும்" என்றாள் வீட்டுக்காரி.

"ஏதாவது உளறினாரா?"

"கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்சது. எத்தனை நாள்னு நீயே கணக்குப் போட்டுக்க."

"நீ வாய மூடு" என்றேன்.

"செத்தவரு பேசக் கூடாது. தம்பி பேசலாம்" என்றாள் கேள்வித்தாள் பெண்.

மத்தியானம் டாக்டர் வந்தார். யாராவது செத்தால் மட்டும் உறையைப் பிரிக்கலாமாம், மருந்து கொன்றதா என்று பார்க்க. என் நாடியைப் பிடித்துக்கொண்டே என் உறையைப் பிரித்தார். படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"தாத்தா, உங்களுக்குக் குடுத்தது மாவு மாத்திரை."

வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேண்டியது படுத்துத் தூங்குவது.

"சரி, அந்த மாவையே குடு."

"உறையைப் பிரிச்சாச்சு. உயிரோட இருக்கீங்கன்னு நான் திருத்தினாலும், இனிமே உங்களுக்கு ஆராய்ச்சி மருந்து தர விதி இல்ல."

"அதுதான் மருந்தே இல்லைன்னு இப்ப நீங்களே சொன்னீங்களே தம்பி" என்றாள் வீட்டுக்காரி. "மாவு தரக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "மாவைப் பத்தி ஒண்ணுமில்ல சார்."

டாக்டர் அலமாரியைத் திறந்து, நான் விட்டுப்போன டப்பாவை மேசையில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் நீட்டிய தாளில், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் தம்பி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் ஆகிறது. இன்று மத்தியானமும் மல்லாந்து படுத்துத் தூங்கி எழுந்தேன். அது மாவுதான் என்று வீட்டுக்காரி இன்னும் சிரிக்கிறாள். நான் நம்பவில்லை. நான் செத்துப்போனேன் என்று எழுதி வைத்திருந்ததும் அதே கூட்டம்தான்.