வெறிக்குட்டி என்ற பெயர்

வைத்தியசாலையில் கண்ணில் விட்ட சொட்டுமருந்தின் கூச்சம் இன்னும் போகவில்லை. குருநகர்க் கரையில் பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து சிசிலியாவின் கண்களைக் குத்தியது. சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேலே இழுத்துவிட்டபடி தம்பி கிறிஸ்ரோபரின் படகைத் தேடி நடந்தாள்.

"இது வெண்புரை இல்லை அம்மா, கண்ணுக்குள்ளை பிறசர் கூடிட்டுது. இடது கண்ணிலை பார்வை இனித் திரும்பாது. வலதைக் காப்பாத்தலாம்" என்றிருந்தார் டொக்டர். "யோசியாதேங்கோ. உங்கடை வயசிலை நாடு முழுக்க எத்தினையோ பேருக்கு இருக்கு. சாதாரணம்." இது குடும்பத்தில் ஓடுகிற வருத்தம் என்று, கூடப் பிறந்தவர்களையும் கூட்டிவரச் சொன்னார்.

சாதாரணம். அந்தச் சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒருவருக்காவது கண் மங்கல். எல்லாருக்கும் ஊரார் சொல்வது ஒன்றுதான்: வெள்ளை முத்தட்டும், பிறகு வெட்டலாம். அவளும் வருடக்கணக்காகக் காத்திருந்தாள். முத்துவதற்கு அவள் கண்ணில் எதுவுமே இருக்கவில்லை. இத்தனை பேருக்கு வருகிற வருத்தம் என்றால் இத்தனை பேரும் பதறியிருக்க வேண்டாமா? இத்தனை பேருக்கு வருவதாலேயே ஒருவரும் அசையவில்லை. யாரைப் பிடித்து ஏசுவது? ஏசுவதற்கு ஒரு முகம்கூட இல்லை என்பது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

கிறிஸ்ரோபர் மணலில் நின்று, படகின் விளிம்போடு சாய்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய இடப்பக்கமாகப் போய்த் தோளைத் தொட்டாள். துள்ளி விழப்போனான்.

பக்கத்துப் படகில் சிரிப்பு. "வெறிக்குட்டி இண்டைக்கும் வெள்ளனவே தொடங்கிட்டார்!"

"ஓமடா, உனக்கும் ஊத்தட்டே?" என்று அவனும் சிரித்தான்.

நேற்றென்றால் அவளும் வாயில் வந்தபடி ஏசியிருப்பாள். படலையில் இடிப்பான், சைக்கிளோடு மதகுக்குள் விழுவான். ஒருமுறை அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நிறுத்தி, குடிக்கமாட்டேன் என்று சத்தியம்கூட வாங்கியிருந்தாள். இன்று அந்தத் துள்ளலை அவள் உடம்பு அடையாளம் கண்டது. இடப்பக்கத்தால் ஆள் வந்தால் அவள் துள்ளுகிற அதே துள்ளல். அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். பீடி மணம் மட்டும்தான்.

"எப்ப தொடக்கமடா கண் தெரியேல்லை?"

அவன் சிரிப்பு நின்றது. "மெல்லக் கதை அக்கா."

"எப்ப தொடக்கம்?"

"போன மாரிக்கு முதலே." கயிற்றைப் பார்த்தபடி சொன்னான். "வெறிக்குட்டியோடை கடலுக்கு வருவாங்கள். குருடனோடை ஆர் வருவான், சொல்லு?"

இவ்வளவு காலமும் அந்தப் பெயரை விரும்பியே சுமந்திருக்கிறான். இரங்கத்தான் வேண்டும். இரக்கம் வரவில்லை. அவளுடைய ஒரே மகன் எமில்ராஜ் இந்தப் படகில்தான் தொழிலுக்குப் போகிறான்.

"என்ரை பிள்ளையை ஏத்திக்கொண்டெல்லோடா போறாய்!"

அவள் கத்தியது கரை முழுக்கக் கேட்டிருக்கும். அதற்குள் பக்கத்துப் படகின் எஞ்சின் உறுமத் தொடங்கியது.

"கத்தாதை" என்றான் கிறிஸ்ரோபர், அந்தச் சத்தத்துக்கு மேலாக. "என்ரை கையிலை இண்டைவரைக்கும் ஒரு படகு முட்டினதே? எமில் ஐஸோடை வரட்டும். அவனையே கேள்."

எமில்ராஜ் ஏற்கெனவே வந்திருந்தான். ஐஸ் பெட்டியை மணலில் வைத்துவிட்டு, மாமனின் இடப்பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை மெதுவாக உயர்த்தி, மாமனின் கன்னத்தருகே விரல்களை விரித்துப் பிடித்தான்.

"வரட்டும் அவன்" என்றான் கிறிஸ்ரோபர், கடலைப் பார்த்தபடி.