கோதண்டம் செத்த சேதி

"காய்ச்சலா? இன்னிக்குப் பாத்துதான் வரணுமா அவனுக்கு?"

குடிசைக்குப் பத்தடி தள்ளியே நின்று கேட்டான் ரகுபதி. விடிகாலையில் அவன் அப்பா இறந்துபோயிருந்தார். மேல்தெருவில் யார் செத்தாலும் வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போய் இழவு சொல்வது காலனியில் கோதண்டம் குடும்பத்தின் வேலை. உனக்குச் சம்மதமா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

உள்ளே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த கோதண்டம் எழப் பார்த்தார். மகள் கலைமணி அவரைத் தடுத்துவிட்டு வெளியே வந்தாள். மெட்ராஸ் போய்ப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் எம்.ஏ. படிக்கிறவள்.

"உங்க வூட்லதான் போன் கீதே. படப்பை சம்பந்தி வூட்டுக்குப் பேசிடலாமே."

"பேசியாச்சு. சம்பந்தி அழுதுகினே வெச்சாரு."

"தெரிஞ்ச சேதிய எதுக்குங்க போய்ச் சொல்லணும்?"

"போன்ல சொன்னா தகவல். ஆளு போய்த் தெருவுல நின்னு சொன்னாத்தான் மரியாதை. இல்லாட்டி நாளைக்குப் பேச்சு வரும்."

அனுப்புபவர், செய்தி, ஊடகம், பெறுபவர். பேராசிரியர் பலகையில் போட்ட படத்தை நோட்டில் அழகாக வரைந்துவைத்திருந்தாள் கலைமணி. ஊடகத்துக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது பாடத்தில் இல்லை.

"நான் போறேன்பா" என்றாள்.

"வாய மூடு." கோதண்டம் இதுவரை அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. "ஒரு தபா நீ போயி சொல்லிட்டின்னா அப்பால உன்ன வுடவே மாட்டாங்க. எம்மாம் படிச்சாலும் இதான் உன் வேலைன்னுடுவாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

படப்பையில் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் ஒரகடம் தாண்டி ரோட்டோரம் விழுந்தவர் எழவில்லை. உச்சி வெயிலில் ஒரு லாரிக்காரர்தான் உடலைக் கொண்டுவந்து இறக்கினார். இழவு சொன்னவனுக்குத் தூர நின்று ஒரு படி அரிசி கொட்டுவார்கள். அது துண்டில் முடிச்சாக அப்படியே இருந்தது.

சற்று நேரத்தில் ரகுபதி வீட்டிலிருந்து ஆள் வந்தான்.

"படப்பைக்குச் சொல்லிட்டுத்தானே வுழுந்தான்?"

"சொல்லிட்டாருங்க" என்று அழுதாள் கோதண்டத்தின் மனைவி கிளியம்மாள்.

இழவு சொல்லும் முன் கோதண்டம் இரண்டு தடவை இருமுவார். அந்த இருமல் கேட்டால் எந்த ஊரிலும் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். உடல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலைமணிக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. முகத்தைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. மறுபடியும் கேட்டது.

சாயங்காலம் எழுந்து மேல்தெருவுக்கு நடந்தாள்.

ரகுபதி வீட்டில் எடுத்து முடித்திருந்தார்கள். பந்தலில் படப்பை சம்பந்தியும் சொந்தங்களும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வழக்கமாக நிற்கும் தூரத்தில் நின்றாள். வேண்டுமென்று செய்யவில்லை, இரண்டு தடவை இருமல் வந்தது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள்.

"கோதண்டம் செத்துட்டாரு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எடுக்குறோம். வந்துடுங்க."

காலனிச் சாவை அந்தத் தெருவுக்கு அதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. ரகுபதியின் அக்கா ராஜாமணி பழக்க தோஷத்தில் உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து சாய்த்தாள். கலைமணி எதையும் ஏந்தவில்லை. அரிசி மண்ணில் கொட்டியது.

"அரிசி வேணாங்க. போன்ல சொல்லல, ஆளு வந்து சொல்லிட்டேன். மரியாத இல்லன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

ரகுபதி தலை குனிந்துகொண்டான். அடுத்தடுத்த வீடுகளிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் அவள் திரும்பினாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேல்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அடுத்த மாதம் அதே தெருவில் இன்னொரு சாவு விழுந்தது. காலனிக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டார்கள். "போனே போதும்" என்று ரகுபதி அவசரமாகச் சொன்னான். எல்லா ஊருக்கும் அவனே பேசினான். பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ இரண்டு தடவை இருமினார்கள் என்று பிள்ளைகள் உள்ளே ஓடிவந்தார்கள். அவன் எட்டிப் பார்க்கவில்லை.