தெருமுனை வரைக்கும்

மாதா கோயில் உபதேசியார் யேசுதாஸ் நீட்டிய தண்ணீர்ச் செம்பை ஆரோக்கியமேரி இரண்டு கையாலும் வாங்கினாள். கட்டிலில் அவள் புருஷன் குப்புராஜ் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் விழுந்த இடைவெளி காலையில் இருந்ததைவிட நீண்டு போயிருந்தது. நெஞ்சு முழுக்கச் சளி. பெரியாஸ்பத்திரியில் நேற்றே கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உபதேசியார் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க மீஞ்சூர்ப் பக்கம் போயிருக்கிறார், இருட்டுவதற்குள் திரும்ப மாட்டார். சாகக் கிடக்கிறவனுக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இந்தச் செம்புத் தண்ணீரை ஊற்றி அவரே கொடுத்துவிடுவார். ஆனால் வளர்ந்த ஆளுக்கு அவன் சம்மதம் வேண்டுமே. நினைவு தப்பிக் கிடப்பவனிடம் எதைக் கேட்பது? முன்பு என்றைக்காவது, பேச்சுவாக்கிலாவது, தனக்கும் வேண்டுமென்று பெண்சாதியிடம் சொல்லியிருந்தால் அது போதும்.

"உன் வாயால ஒரு வார்த்த வரட்டும் மேரி. அதுக்கு மேல நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். பிறகு, யோசித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு, பாட்டுப் பழகுகிற பிள்ளைகளைப் பார்க்கப் பக்கத்துக் கோயிலுக்குப் போனார். நல்ல மனுஷன். கிட்டத்தட்ட பதிலையே கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஒரு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? சொன்னால் அவன் கோயில் கல்லறையில் படுப்பான். அவளும் கூடவே நடந்து போகலாம். தன் காலம் வரும்போது பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் ஏரிக்கரை இடுகாடு. அவன் தம்பி அருணகிரி கொள்ளிச் சட்டி தூக்குவான். அங்கே பொம்பளைகள் போகக் கூடாது, தெருமுனை வரைக்கும்தான். பிள்ளைகுட்டி என்று ஒன்றும் இல்லாதவள். இருபது வருஷம் கூட இருந்தவனைத் தெருமுனையோடு விட்டுவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஞானஸ்நானம் வாங்காத இந்த ஆள்தான் டிசம்பர் பிறந்தால் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுக் கட்டிக் கொடுப்பான். கவரைப்பேட்டை ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை. ஆவிக்கு நடுவே நின்று பாட்டை யோசிப்பான். சாயங்காலம் டோலக்கை எடுத்துக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்துவிடுவான். எல்லாம் குளிர்காலத்துப் பாட்டு. கம்பளி இல்லாத இடையனுக்கு ஒன்று, மூக்கு ஒழுகுகிற கழுதைக்கு ஒன்று. கழுதைப் பாட்டுக்குப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழும். இந்த வருஷத்துப் பாட்டைக் காய்ச்சலோடுதான் கட்டினான்.

வைக்கோலு குத்துதாம், வாடை அடிக்குதாம்,
பச்சப் புள்ள மூக்கு மேல பனி சொட்டுதாம்;
அவிச்ச நெல்லு ஆவி பறக்க அள்ளியாந்தேன் நான்,
அது மேல படுக்க வையி, தூங்கிப் போவான்.

பெத்லகேமில் ஏதய்யா நெல்லு என்று உபதேசியார் இழுத்தார். அங்கே குளிர் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டான்.

ஆனால் பூசைக்கு மணி அடித்தால் வாசலோடு நின்றுவிடுவான். கல்யாணமான புதிதில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள், நீயும் சேர்ந்துவிடேன் என்று. "எங்கம்மா அங்க ஏரிக்கரையில தனியா கெடக்குது. நானும் இங்க வந்து படுத்துக்கினா அத யாரு பாக்கறது?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்த ரகம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

கோயிலில் பிள்ளைகள் அதே பாட்டை எடுத்தன. நாளை ராத்திரி வீடு வீடாகப் போய்ப் பாட வேண்டும். தட்டி நிறுத்த டோலக் இல்லாமல் பாட்டு தலைதெறிக்க ஓடியது. சத்தம் அவனை உறுத்துமோ என்று முதலில் பயந்தாள். நின்றுவிட்டால் இந்த மூச்சு ஒன்றுதானே காதில் விழும் என்று அதைவிடப் பயந்தாள்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் காதருகில் குனிந்தாள்.

"இன்னாங்க... கேக்குதா? ஊத்தச் சொல்லட்டுமா? சரின்னா கைய அசைங்க போதும்."

கை அசையவில்லை. எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நெல் அவித்துக் காய்ப்பேறிய கை, சில்லிட்டுக்கொண்டிருந்தது. அசைந்தது என்று சொன்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? கடவுள் பார்ப்பார், சரி. புருஷனை விட முடியாதவள் சொன்ன பொய் என்று அவர்கூட மன்னித்துவிடுவார். இந்த மனுஷன் மன்னிப்பானா? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூட நேரமில்லை, உபதேசியார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தவர் முகத்தில் அவளைவிட ஆவல் தெரிந்தது.

"இன்னா மேரி? எப்பவாவது சொல்லியிருக்கறாரா?"

ஆமாம் என்பது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சொல்லல உபதேசியாரே. ஒரு தடவகூட சொல்லல."

"அவசரப்படாம நல்லா யோசிச்சுப் பாரும்மா."

"யோசிச்சிட்டேன். எனக்குத்தான் வேணும். அவரு கேக்கல."

உபதேசியார் செம்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு வாய்க்குள்ளேயே ஜெபம் சொன்னார். அவள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். உபதேசியார் எழுந்து அவன் கண்களை மூடிவிட்ட பிறகும் காத்திருந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அருணகிரி பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தான். மேளம் வந்தது, சங்கு வந்தது, குளிப்பாட்டி நெற்றியில் விபூதி பூசினார்கள். அருணகிரி ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். அவள் எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்ச் சாரியில் பாட்டுக்காரப் பிள்ளைகள் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு பனியில் நின்றிருந்தன. இன்றைக்குப் பாட்டு இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று உபதேசியார் இரண்டு தடவை சொல்லியும் ஒன்றும் நகரவில்லை.

பாடை தெருமுனைக்கு வந்தது. சட்டியைப் பிடித்திருந்த அருணகிரி திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, நீங்க இத்தோட நின்னுக்குங்க" என்றான்.

அவள் நின்றாள். மாரடித்துக்கொண்டு வந்த பெண்களும் நின்றார்கள். பிள்ளைகள் மட்டும் நிற்கவில்லை. அதுகளை யாரும் கணக்கில் வைக்கவில்லை, நிற்கச் சொல்லவும் தோன்றவில்லை. பையன்களும் பாவாடை கட்டிய பெண்பிள்ளைகளுமாக அவளைத் தாண்டிக்கொண்டு மேளத்தின் பின்னால் ஓடின.

வளைவு திரும்பியதும் கூட்டம் மறைந்தது. மேளம் மட்டும் கேட்டது. ஏரிக்கரை ஏறுகிற இடத்தில் அதுவும் ஓய்ந்தபோது, பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவன் கட்டிய அந்தப் பாட்டு ஒன்றுதானே, பாட ஆரம்பித்தன. சாவுக்கு ஆகிற பாட்டா அது? யாரும் அதட்டியதாகத் தெரியவில்லை. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். நெல்லை அள்ளி வந்து, குழந்தையைப் படுக்க வைத்து, பாட்டு முதலிலிருந்து மறுபடி தொடங்கி, நடுவில் நின்றது.

குழிக்குள் இறக்குகிறார்கள் என்று தெரிந்தது. இனி ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள்.

தலை முழுக வேண்டும், நேரமாகிறது, வா என்று பெண்கள் அவள் தோளைத் தொட்டார்கள். அவள் குனிந்து, காலடியில் கிடந்த தெருமண்ணை ஒரு பிடி அள்ளினாள். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.