ஏழாம் குழியின் மேடு

கோல்ஃப் மைதானத்தை வரைபடம்தான் உருவாக்கியது என்று சொல்பவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். உருவாக்கியது புல்டோசர். அதை ஓட்டியவன் நான்.

எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் மாமா, என் அக்காவின் கணவர். அளவெடுத்துக் குச்சி அடிப்பது அவர் வேலை. குச்சியில் சிவப்பு ரிப்பன் இருந்தால் அங்கே வெட்ட வேண்டும். நீலம் என்றால் நிரப்ப வேண்டும். விரற்கடை பிசகாத மனிதர். சாப்பாட்டுத் தட்டைக்கூட நேராக்கிவிட்டுத்தான் கை வைப்பார் என்று அக்கா கேலி செய்வாள்.

அந்த வருடம் மழை மூன்று மாதம் வேலையை நிறுத்திவிட்டது. திரும்பப் போனபோது ரிப்பன்கள் எல்லாம் ஒரே வெளிறல். எது சிவப்பு, எது நீலம், கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாளைக்குப் புதுசு கட்டிவிடுகிறேன், அதுவரை ஏழாம் குழிப் பக்கம் போகாதே என்று மாமா சொன்னார். எனக்குத் தலைக்கனம். வண்டி ஓட்டுகிறவனுக்கு நிலம் மனப்பாடம் என்று ஒரு திமிர் உண்டு. வண்டி சும்மா நின்றால் எங்களுக்கு அவமானம். மாமா இன்னொரு மூலையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த ஒரே பகலில், பள்ளம் வர வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மேடு எழுப்பிவிட்டேன்.

மறுநாள் இன்ஜினியர் வந்து குதித்தார். நிறமில்லாத குச்சியை விட்டுவைத்தது யார் என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் டீசல் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன். எச்சரித்திருந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிழைப்பு போயிருக்கும். சொல்லவில்லை. அவர் பிழைப்பு போனது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரை அளவெடுக்கக் கூப்பிடவில்லை. நாலு வருடம் முன்னால் செத்தும் போனார். நடந்தது அக்காவுக்கு மட்டும் தெரியும். அவள் என்னோடு பேச்சை நிறுத்தி எத்தனையோ காலம்.

மேட்டைக் கரைக்க நேரமில்லாமல் அப்படியே புல் போர்த்தினார்கள். இன்று அந்த மேட்டில் பந்தை ஏற்றத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வரைபடம் போட்டவரின் மூளையே மூளை என்கிறார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

கிளப்புக்கு இருபத்தைந்து வருடம் ஆனதற்குச் சிறப்பு மலர் போடுவதாகச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மைதானம் உருவான கதையைச் சொல்லச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"மாமா மேல தப்பே இல்ல சார். தப்பு என்னோடது. அவர் பேரப் போட்டு அப்படியே எழுதுங்க."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு மேட்டோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பாரம் இறங்கிய நிம்மதியில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

மலர் வந்தது. மாமா எங்கேயும் இல்லை. என் படத்துக்குக் கீழே, வடிவமைப்பாளரின் கனவை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றியவர் என்று போட்டிருந்தது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். யாரோ அதற்குள் அவளிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள். வாசற்படியிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன், அவர்கள்தான் வெட்டிவிட்டார்கள் என்றேன். அவள் பக்கத்தைத் திருப்பி என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல நல்லாத்தான் சிரிச்சிருக்க" என்று சொல்லிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.