ஆணியை உருவிப் போட்டேன்

பகலில் தையல் கடையில் காஜா எடுக்கிறேன். மாலையில் மின்சார வகுப்புக்குப் போகிறேன். இந்தத் தேர்வில் தேறினால் பகல் வகுப்பில் இடம் கிடைக்கும், கடையை விட்டுவிடலாம். இரண்டு ஆணிகளில் செம்புக் கம்பி சுற்றி, பேட்டரி கொடுத்து, ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் காட்ட வேண்டும். அதுதான் தேர்வு.

இழுத்தது. தள்ளவில்லை. ஒரு கம்பியின் முனைகளை மாற்றிக் கொடுத்தும் ஆணிகள் விடாமல் ஒட்டிக்கொண்டன.

"எல்லாரும் செய்யறதுதாம்மா," என்றார் சார். "முனையை மாத்தும்போது விரலால லேசா ஒரு தள்ளு. தேர்வு பார்க்க வர்றவர் தள்ளித்தான் நிப்பார்."

"அப்போ நான்தானே சார் தள்ளுறேன்?"

பக்கத்து மேசையிலிருந்து, மோட்டார் கடையில் வேலை செய்யும் 'மீசை' சிரித்தான். "பேசாம என் பேட்டரியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. ரெண்டு பேருக்கும் சேர்த்து மார்க் வாங்கிடறேன்."

"உன் மீசையை நீயே பிடிச்சுக்கோ. எனக்கு வேலை இருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம். என் கைதான் தப்பு செய்கிறதோ? வீட்டில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். பேட்டரி, பிறகு ஆணி, பிறகு சுற்றும் திசை. எதுவும் உதவவில்லை. கடைசியில் எதிரே கம்பியே சுற்றாத வெறும் ஆணியை வைத்தேன். அதையும் பெரிய சுருள் வாரி இழுத்துக்கொண்டது. அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் கொடுத்த கம்பிகளில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சுற்று அதிகமுள்ள பலமான சுருள் எதிரில் இருக்கும் இரும்பை எப்படியும் இழுத்துவிடுகிறது. சின்னச் சுருளின் எதிர்ப்பு எடுபடவில்லை.

இழுபட இரும்பே இருக்கக் கூடாதென்று ஆணிகளை உருவிப் போட்டேன். கம்பிகளைக் காகிதக் குழல்களில் சுற்றி, தையல் நூலில் எதிரெதிரே தொங்கவிட்டேன்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "ஆணியையே கழட்டிட்டா அப்புறம் என்னடி காந்தம் அது?"

பேட்டரியைத் தொட்டேன். சுருள்கள் நெல்மணி அகலத்துக்கு விலகின. முனையை மாற்றினேன்; கிட்ட வந்து ஒட்டின.

"இவ்வளவுக்கா இந்தப் பாடு?"

"நான் தொடலையே அண்ணி!"

"அது சரி... இன்னொரு தடவை காட்டு."

தேர்வன்று முதலில் ஆணிகளை வைத்தேன். முனையை மாற்றியும் ஒட்டியே நின்றன. "இது தள்ளலை சார்," என்றேன்.

"தள்ளாததை எதுக்கும்மா காட்டுறே?" என்றார் தேர்வாளர்.

"நடந்தது அதுதானே சார்."

பிறகு காகிதக் குழல்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "நகருது. ஆனா விதியில ஆணின்னு இருக்கே. அதுல காட்டு."

அவர் முதுகுக்குப் பின்னால் சார் சுட்டுவிரலை ஆட்டிக் காட்டினார். ஒரு தள்ளு, பகல் வகுப்பு என் கையில். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இந்த ரெண்டு கம்பியை வச்சு ஆணியில தள்ளாது சார். ஏன்னு சொல்றேன்." சொன்னேன். முடிக்கும் வரை நிறுத்தவில்லை.

"விளக்கம் சரி," என்றார். "கேட்டதைக் காட்டலை. அடுத்த தடவை வா."

மீசைக்குப் பகல் வகுப்பு கிடைத்தது. "ஒரு தள்ளுதானே, தள்ளித் தொலைச்சிருக்கலாமே," என்றான். நான் அவனைத் தாண்டி சாரிடம் போனேன்.

"அடுத்த தடவையும் வருவேன் சார். ரெண்டு கம்பியையும் ஒரே நீளமா வெட்டி வைங்க. ஒண்ணை மட்டும் குட்டையா கொடுத்தீங்கன்னா, மறுபடியும் தள்ளலைன்னுதான் சொல்வேன்."