ஆறு மணி பஸ்ஸுக்கு ஒரு மறைப்பு

14-3-1983, திங்கள்

தட்டச்சு வகுப்பில் பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடச் சொல்வார்கள். இந்த நோட்டிலும் அப்படியே செய்கிறேன். இன்றைய பிழை: மறைப்பின் சட்டங்களைத் தவறான பக்கம் சாய்த்து அடித்துவிட்டேன். இருபத்திரண்டையும்.

தோட்டத்தில் குளிக்கிற கல்லுக்கு முன்னால் ஓலைத் தட்டிதான் இருந்தது. ரோட்டை மேடாக்கி பஸ் விட்ட பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தட்டிக்கு மேலே எல்லாம் தெரிகிறது. அதனால் விடிவதற்கு முன்பே குளித்துவிடுகிறோம். தலைப்பிரசவத்துக்குப் புகுந்த ஊரான பெருநகரிலிருந்து வந்திருக்கும் ஆதிலட்சுமி அக்கா, போன வாரம் இருட்டில் பாசி வழுக்கி விழுந்தாள். எட்டாம் மாதம். கையில் சிராய்ப்போடு போயிற்று. இன்னொரு முறை விழுந்தால் அப்படிப் போகுமா என்று தெரியாது.

அப்பா வாலாஜாபாத் அரிசி மில்லில் இருக்கிறார். ஞாயிறுதான் வருவார். பழைய ஓட்டுக்கூரையில் கழற்றிய ரீப்பர் சட்டங்கள் கிடந்தன. நானே ஆரம்பித்தேன். ஏழடியில் இரண்டு சவுக்குக் கம்பம். அவற்றின் குறுக்கே சட்டங்கள், காற்று வர நடுநடுவே இடைவெளி. மழையில்லாத வருஷம், வாழைக்குக் குளிக்கிற தண்ணீர்தான். தெறிப்பது வெளியே போகாமல் உள்வாய்க்காலிலேயே விழட்டும் என்று, ஒவ்வொரு சட்டத்தையும் கீழ்விளிம்பு உள்பக்கம் வரும்படி சரித்து அடித்தேன். ரோட்டில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மாலை, உத்திரமேரூரில் வகுப்பு முடிந்து ஆறு மணி பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோர இடம், நல்ல வெளிச்சம். எங்கள் தோட்டம் வந்ததும், உயரத்திலிருந்து பார்வை அந்தச் சரிவின் வழியே இறங்க, எல்லா இடைவெளியும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. அக்கா கால் கழுவிக்கொண்டிருந்தாள். மூக்குத்தி வரை தெரிந்தது.

அவளிடம் சொன்னேன்.

"ஏண்டி, பஸ்ல எல்லாம் பாத்தாங்களா?"

"யாரும் திரும்பல. நான்தான் பாத்தேன்."

"வுடு சுலோ. நான் பழையபடி நாலு மணிக்கே குளிச்சிக்கிறேன். இருட்டு எனக்குப் பழக்கம்."

"பழக்கம்னா ஏன் வுழுந்தே?"



15-3-1983, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. எல்லா ஆணியையும் பிடுங்கினேன். மூன்று சட்டம் பிளந்து போயிற்று, வேறு போட்டேன். இம்முறை வெளிப்பக்கம் சரிவு. சரியாகத்தான் திருப்புகிறேனா என்று இந்த நோட்டையே நாலு தரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அப்படியும் நிச்சயமில்லை.

16-3-1983, புதன்

பஸ் சத்தம் கேட்டதும் கல்லின்மேல் உட்கார்ந்து சிவப்புத் துண்டை ஆட்டும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பும்போது அதே ஜன்னலைப் பிடித்தேன்.

"இன்னாம்மா, மறுபடியும் அதே சீட்டா? அங்க இன்னா சினிமா ஓட்றாங்க?" என்றார் கண்டக்டர்.

"எங்க வூட்டுத் தோட்டம் சார்."

"அத்தப் பாக்க டிக்கெட் வாங்கிக்கினு வர்றியா!"

முன்சீட்டுக்காரர் சிரித்தார். புளியமரம் தாண்டியது. தோட்டம் வந்தது.

மரம். வெறும் மரம். சிவப்பு ஒரு நூல்கூட இல்லை. அதே சட்டங்கள், அதே இடைவெளி, சாய்ந்த பக்கம் மட்டும் வேறு. அவ்வளவுக்கே ஒரு பஸ் நிறைய இருந்த கண்கள் தடைப்பட்டு நின்றுவிட்டன. வளைவு திரும்பி மறையும் வரை தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

இறங்கி ஓடினேன். அக்கா இன்னும் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு போயிடிச்சா? சத்தம் கேட்டுது, ஒண்ணும் தெரியல. கை வலிக்கிது, ஆட்டிக்கினே கீறேன்!"

அவளை எழுப்பிவிட்டு அந்தக் கல்லில் நான் உட்கார்ந்தேன். இடைவெளிகளில் கீழே புல்லும் ஒரு கோழியின் கால்களும் தெரிந்தன. காற்று தாராளமாக வந்தது. தலைக்கு மேலே முழு வானம். இதை என் கைதான் செய்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதனால் ஒரு குறையையும் எழுதிவைக்கிறேன்: தெறிக்கும் தண்ணீர் இனி வெளியேதான் சொட்டும்.

நாளை: மறைப்புக்கு வெளியே ஒரு வாழைக்கன்று நட வேண்டும். கல்லில் பாசியைத் தேய்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு, நல்ல வெயிலில், அக்காவுக்கு வெந்நீர்.